குடிதண்ணீரில் கழுவிய கடற்பஞ்சு

இந்தக் கதையை நானே நம்பாமல் பதினோரு வருஷம் ஆகிறது. நம்பாமலேயே சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது.

என் செருப்பையே பார்க்கிறீர்கள். கடற்கரை மணல்தான். மண்டபம் ஊருக்கு முன்னால் ஒரு குப்பத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். தட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன், போகவில்லை.

மிளகாய் வியாபாரம் என்றீர்களே, நல்ல தொழில். சோடை மிளகாயை அடியில் போட்டு மூட்டை கட்டினால், வாங்குகிறவன் அங்கேயே கவிழ்த்துக் காட்டிவிடுவான். எங்கள் தொழிலில் யாரும் மூட்டையைக் கவிழ்ப்பதில்லை. மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டுக் கை தட்டுவோம்.

நான் கடலுயிரியல் நிலையம் ஒன்றில் விஞ்ஞானி. விஞ்ஞானி என்றதும் ராக்கெட் என்று நினைக்க வேண்டாம். கடற்பஞ்சு. கடலுக்கடியில் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிராணி. ஆமாம், பிராணிதான், செடி இல்லை. வாய் கிடையாது, கண் கிடையாது, வயிறு கிடையாது, மூளை கிடையாது. மூளை இல்லாமல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுவதில் அதை மிஞ்சிய ஆட்கள் எங்கள் நிலையத்திலேயே இருபது பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டைக்குள்ளே சாட்டை வைத்த செல்கள் வரிசையாக நின்று சாட்டையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகும். வருகிற தண்ணீரில் இருப்பதைத் தின்னும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

ஓட முடியாத, கடிக்க முடியாத இந்தப் பிராணியை ஏன் மீன்கள் தின்று தீர்த்துவிடவில்லை? அங்கேதான் என் செல் வருகிறது. சுரப்பு செல். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முசுக்கொட்டைப் பழம் மாதிரி இருக்கும், உள்ளே உருண்டை உருண்டையாக அடைத்து வைத்திருக்கும். அந்த உருண்டைக்குள் இருப்பது விஷம். மீன் கடித்தால் துப்பிவிடும். இந்தச் செல்லை முப்பது வருஷமாக வெட்டிப் பார்த்திருக்கிறேன். பஞ்சை பார்மலினில் போட்டு, மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கப் போகிறீர்கள். என் மாமனாரும் பரமக்குடியில் அதைத்தான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே சொல்கிறேன்: உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். முதலில் வகுப்பில் சொல்கிற மாதிரி சொல்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் சொல்லியிருக்கிறேன். தப்பாமல் சிரிப்பு வரும்.

எங்கள் நிலையத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். கடற்பஞ்சின் சுரப்பு செல்கள் தையில் நிரம்பியிருக்கின்றன, சித்திரையிலும் வைகாசியிலும் காலியாக இருக்கின்றன என்று கண்டுபிடித்தார். கோடையில் கடற்பஞ்சு தன் விஷத்தையெல்லாம் கடலில் கொட்டிவிடுகிறது என்று கட்டுரை எழுதினார். புரொபசர் பூரித்துப்போனார். கருத்தரங்கத்தில் அந்த மாணவி படம் போட்டுக் காட்டினார். அப்போது நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உங்களுக்குப் பஞ்சு கொண்டுவந்தது யார்? முக்குளிக்கிற சந்தியாகு. சந்தியாகுவைக் கூப்பிட்டோம். அவர் வந்து கை கட்டி நின்றுகொண்டு சொன்னார்: "வெயில் காலத்துல நாத்தம் அடிக்கும் சார். அந்தம்மா கையில குடுக்கணுமேன்னு குடிதண்ணி ஊத்திக் கழுவித்தான் கொண்டாருவேன்."

புரிகிறதா? உப்புத் தண்ணீரில் வாழ்கிற செல். அதைக் குடிதண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். வெடித்தால் உள்ளே இருந்தது போய்விடும். கடற்பஞ்சு கொட்டவில்லை, சந்தியாகு கொட்டினார். ஆகவே மாணவர்களே, உங்கள் மாதிரி எங்கேயிருந்து வருகிறது, யார் கை பட்டு வருகிறது என்று கேளுங்கள். இங்கே சிரிப்பு வரும். நானும் கொஞ்சம் சிரிப்பேன்.

நீங்களும் சிரித்துவிட்டீர்கள். பாருங்கள், நல்ல கதை.

இப்போது வகுப்பில் சொல்லாததைச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் சந்தனமாரி. விளாத்திகுளம் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுகிறவர். கல்லூரி வரைக்கும் தமிழிலேயே படித்துவிட்டு வந்தது. கருத்தரங்கத்தில் ஆங்கிலத்தில் பேசினால், ஒவ்வொரு வாக்கியமும் முடியும்போது முடிந்ததா என்று தானே ஒருமுறை திரும்பிப் பார்க்கும். ஆனால் சீவுகிற கை நல்ல கை, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. மெழுகுச் சீவல் நாடா மாதிரி நீளமாக, அறுபடாமல் வரும். எனக்குப் பாதியில் அறுந்துவிடும். அது பிளேடின் கோளாறு.

அவள்மேல் எனக்குப் பொறாமை என்று அப்போது சிலர் பேசினார்கள். எங்கள் நிலையத்தில் பேசுவதற்கென்றே சிலர் உண்டு, கேன்டீன் பெஞ்சு தேய்ந்ததே அவர்களால்தான். அந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர வேலைக்கு இடம் வந்திருந்தது. நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன், அவளும் போட்டிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் ஏழு வருஷம் சீனியர். புரொபசர் தனஞ்செயன் சமயத்தில் அதை மறந்துவிடுவார், அவ்வளவுதான். அவருக்குக் கடற்பஞ்சுமேல் எந்த அக்கறையும் கிடையாது. தன் பெயர் எந்தக் கட்டுரையில் எத்தனாவதாக வருகிறது என்பதுதான் அவருடைய உயிரியல்.

என் ஆராய்ச்சியும் அதே பஞ்சுதான், அதே செல்தான். நான் பார்த்தவரை எல்லாம் நிரம்பித்தான் இருந்தது. ஒரு காலிச் செல்கூட நான் பார்த்ததில்லை. அப்படியிருக்க ஒருத்தி வந்து காலி என்கிறாள். சந்தேகம் வராதா? விஞ்ஞானிக்குச் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? கோடையிலா? இல்லை, நான் கோடையில் எடுத்ததில்லை. ஐப்பசியில் ஆரம்பித்து மாசிவரை எடுப்பேன். பங்குனி பிறந்தால் பரமக்குடியில் மாமனார் வீட்டில் ஒரு விசேஷம் மாற்றி ஒரு விசேஷம் இருக்கும். கோடையில் ஆராய்ச்சி செய்தால்தான் ஆராய்ச்சி என்று சட்டமா என்ன? மிளகாய் வியாபாரி கேட்கிற கேள்வியை எங்கள் புரொபசர் கேட்கவில்லை. அதற்காகவாவது உங்களைப் பாராட்ட வேண்டும்.

கருத்தரங்கத்துக்கு முதல் நாள் சாயங்காலம் படகுத்துறையில் டீ குடிக்கப் போனேன். சந்தியாகு வலைக் கயிற்றை உலர்த்திக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு நாற்பது இருக்கும். சங்கு குளிக்கிற ஆள், சங்கு கிடைக்காத நாட்களில் எங்களுக்குப் பஞ்சு எடுத்துத் தருவார். தீவுப் பக்கம் போய் எடுக்க நிலையத்தின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை மாதாமாதம் எழுதுவது நான். அந்த மாதக் கடிதம் அப்போது என் மேஜையில் கையெழுத்தாகாமல் இருந்தது. வேலை மும்முரத்தில் தாமதமாகிவிட்டது.

அங்கே நடந்த பேச்சை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். இதைத்தான் பல வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"என்ன சந்தியாகு, அந்தம்மாவுக்குப் பஞ்செல்லாம் சுத்தமாக் குடுக்கிறியாமே?"

"சுத்தமாத்தான் சார் குடுக்குறேன்."

"கழுவிக் குடுக்கிறியா?"

"கழுவித்தான் சார்."

"குடிதண்ணியில கழுவுவியா?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியவில்லை.

"ஆமா சார்," என்றார். "குடிதண்ணியிலதான்." அப்புறம், "கடுதாசி எப்ப சார் கிடைக்கும்?" என்றார்.

"நாளைக்கு மீட்டிங் முடிஞ்சதும் வாங்கிக்க. மத்தியானம் அங்கேயே வெளியில இரு."

அவ்வளவுதான். வகுப்பில் சொல்லும்போது சந்தியாகு தானாகச் சொன்னதாகத்தான் சொல்வேன். தானாகச் சொன்னால்தான் சிரிப்பு வரும். குடிதண்ணீர் என்ற வார்த்தை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பது மாணவர்களுக்கு எதற்கு?

மறுநாள் அவள் பேசி முடித்தாள். நான் எழுந்தேன். சந்தியாகுவைக் கூப்பிட்டார்கள். இருபது விஞ்ஞானிகள் முன்னால் ஓர் ஆள் வெறுங்காலோடு நின்று, குடிதண்ணீரில் கழுவினேன் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? புரொபசர் தனஞ்செயன், அரை மணி நேரம் முன்பு வரை அவளை என் மாணவி, என் மாணவி என்று பெருமையடித்தவர், நாற்காலியில் சாய்ந்து, "ஏம்மா, கழுவி எடுத்துக் குழம்பு வைக்கப் போறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களுக்கு எங்கள் நிலையத்தில் பதவி உயர்வு வந்ததில்லை.

சந்தனமாரி அழவில்லை. அழுதாள் என்று கேன்டீனில் சொன்னார்கள், பொய். அவள் சந்தியாகுவைப் பார்த்து, "அண்ணே, வாளியில கடத்தண்ணியோடதான் எங்கிட்டக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். சந்தியாகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி கழுவுனேன் தங்கச்சி" என்றார்.

பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள். தமிழிலேயே சொன்னாள். "சார், தை மாசமும் இவர்தான் கொண்டாந்தாரு. அப்ப ஏன் செல் நிரம்பியிருக்கு?"

அதற்கு நான் உடனே பதில் சொன்னேன். "தை மாசம் நாறாதும்மா. கோடையிலதான் நாறும். நாறுறப்பத்தான் கழுவியிருக்காரு." மறுபடி சிரிப்பு. அந்தப் பதில் எனக்கு முன்யோசனை இல்லாமல் அந்த இடத்திலேயே வந்தது. அன்று அதற்காக என்னையே நான் மெச்சிக்கொண்டேன். நாற்றம் என்ற வார்த்தையைச் சந்தியாகு அதுவரை சொல்லியிருக்கவில்லை. வகுப்பில் அதையும் அவர் வாயில் போட்டுவிட்டேன். கேட்க நன்றாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் இன்னொன்று சொன்னாள். "குடிதண்ணி பட்டிருந்தா எல்லாச் செல்லும் உப்பணும் சார். பக்கத்துல சாட்டைச் செல்லைப் பாருங்க, கலையாம நிக்குது. ஸ்லைடு மைக்ராஸ்கோப்லதான் இருக்கு. ஒரு நிமிஷம் பாருங்க."

மைக்ராஸ்கோப் என்னிடமிருந்து மூன்று அடி. நான்தான் பக்கத்தில் இருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "கெட்டுப்போன மாதிரியைப் பாத்து என்னம்மா ஆகப்போகுது?" என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. டீ வந்துவிட்டது. எங்கள் துறையில் டீ வந்த பிறகு எந்த உண்மையும் நிலைநாட்டப்பட்டதில்லை.

அவளுக்கு உதவித்தொகை அடுத்த பங்குனியோடு முடிகிறது. மறுபடி நிரூபிக்க இன்னொரு சித்திரை வேண்டும். கூடுதலாக மூன்று மாதம் கேட்டு எழுதினாள். புரொபசர், உறுதியற்ற மாதிரிகள் என்று குறிப்பு எழுதித் திருப்பிவிட்டார். அவள் பங்குனி கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். பட்டம் வாங்கவில்லை. எட்டயபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்வி. எனக்கு அந்த வேலை கிடைத்தது. கிடைத்திருக்கத்தான் செய்யும், நான் சீனியர்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய பீரோவைக் காலி செய்கிறபோது ஒரு ஸ்லைடு பெட்டி கிடைத்தது. அவள் கையெழுத்து. வைகாசி, எண் நான்கு. தூக்கிப் போட்டிருக்கலாம். சும்மா மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

சுரப்பு செல் எல்லாம் காலி. முசுக்கொட்டைப் பழத்தின் தோல் மட்டும் இருக்கிற மாதிரி. பக்கத்தில் சாட்டைச் செல்கள் வரிசை கலையாமல் நிற்கின்றன. ஒன்றுகூட உப்பவில்லை. ஒன்றுகூட வெடிக்கவில்லை. குடிதண்ணீர் பட்ட பஞ்சு அப்படி இருக்காது. இரண்டாம் வருஷ மாணவனுக்குக்கூட அது தெரியும். எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், அந்த மூன்றடியை நடந்திருந்தால். அதனால்தான் நடக்கவில்லையோ என்னவோ. இதை உங்களிடம் சொல்வதுகூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நீங்கள் மதுரையில் இறங்கிப் போய்விடுவீர்கள்.

பெட்டியை மூடினேன். அடுத்த வாரம் புது வகுப்பு. கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். நம்பாத கதையைச் சொல்லும்போது இன்னும் நன்றாகச் சொல்ல வருகிறது, அதுதான் விந்தை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் சந்தியாகு மாதிரி கை கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் படிந்தது. சந்தியாகுவிடம் போய்க் கேட்டிருக்கலாம். நாற்பது நிமிஷப் பஸ் தூரம். பதினோரு வருஷம் நேரம் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் நிலையத்துக்குப் பொன்விழா. மலர் போடுகிறார்கள். மலர்க் குழு என்று ஐந்து பேர், ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு முழு வாக்கியம் எழுத வராது. "சார், உங்க வாஷிங் ஸ்டோரி கட்டாயம் வேணும் சார், ஹியூமரா ரெண்டு பக்கம்" என்றார்கள். சரியென்று உட்கார்ந்தேன். வாயால் சொல்லும்போது வழுக்கிக்கொண்டு போகிற கதை, எழுதும்போது ஒரு வரியில் நின்றுவிட்டது. 'சந்தியாகு குடிதண்ணீரை எடுத்து'. எதில் எடுத்து? குடத்திலா, சொம்பிலா? வீட்டிலா, படகிலா? வாயால் சொல்லும்போது கையை ஆட்டினால் போதும். காகிதத்தில் கையை ஆட்ட முடியவில்லை. மூன்று நாள் அந்த வரியிலேயே இருந்தேன். இன்று காலையில் கிளம்பி வந்துவிட்டேன்.

சந்தியாகுவுக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல். முக்குளித்து முக்குளித்து ஒரு காது போய்விட்டது. கேட்கிற காதை நம் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருகிறார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க சார், எம்புட்டு நாளாச்சு. அமலோற்பவம், யாரு வந்திருக்காகன்னு பாரு. பஞ்சு சார்."

அவர் மனைவி அமலோற்பவம் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் ஒன்றும் கேட்பதற்குள் சந்தியாகுவே ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்க பயலுக படகுல வர்றப்பல்லாம் கேப்பானுக சார். தாத்தா, அந்தப் பஞ்சு கழுவுன கதையச் சொல்லுங்கன்னு. நானும் சொல்லுவேன். ரெண்டு குடம் தண்ணி சார். ரெண்டு குடத்தையும் ஊத்தி அலசிப்புட்டேன்ல அன்னைக்கு." சிரித்தார். கையை ஆட்டி அலசிக் காட்டினார். நான் வகுப்பில் காட்டுகிற அதே ஆட்டம். என் மாணவர்கள் வழியாக என் கதை அவரிடம் போய், ரெண்டு குடமாக வளர்ந்திருக்கிறது.

பேசிக்கொண்டே காலையில் பிடித்த கணவாயைச் சுத்தம் செய்தார். முடித்ததும் வாசலில் கிடந்த வாளியில் கையை அலம்பினார். கடல் தண்ணீர். கொடியில் காய்ந்த துணியில் உப்புப் பூத்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நீல டிரம். மூடிக்குக் கம்பி போட்டுப் பூட்டியிருந்தது.

"தண்ணிக்குப் பூட்டா?" என்றேன்.

"பின்ன?" என்றார் அமலோற்பவம். "கண்ணு அசந்தா ஆளுக்கு ஒரு சொம்பு மோந்துட்டுப் போயிருவாக. இந்த டிரம் போன வருசம் வாங்குனது சார். பூட்டு பழசு. அந்தோணி பொறந்த கோடையில போட்டது. ஊத்துல ஒரு குடம் ஊற விடிய விடியச் செரட்டையால மோந்து ஊத்துவோம். பச்ச ஒடம்புக்காரி நான், குளிக்கக்கூட கடலுக்குத்தான் போனேன். சாவி என் தாலிக்கயத்துல கெடந்துச்சு. இவுகளுக்கே அளந்துதான் குடுப்பேன்."

"அந்தோணிக்கு என்ன வயசு?"

"இந்த வைகாசிக்கு இருபத்தாறு முடிஞ்சிருச்சு சார்."

பஞ்சைக் கழுவியதாகச் சொன்ன அதே கோடை. சந்தியாகு சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அமலோற்பவம் டீ டம்ளரை என் கையில் கொடுத்தார். பாதி டம்ளர். எனக்கு அதைக் குடிக்க வரவில்லை. கீழே வைக்கவும் வரவில்லை.

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நீ பொய் சொன்னாய் என்றுதான் முதலில் வாய் வரை வந்தது. கோபமாகக்கூட இருந்தது. இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னதால் இருபத்தாறு வருஷம் நான் ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறேன் என்று. அப்படி நினைத்தபோதுதான் அந்தக் கையெழுத்தாகாத கடிதம் ஞாபகம் வந்தது.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கேட்கிற காதுப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அவர் மனைவி கேட்டுக்கொண்டிருக்கத்தான் கேட்டேன்.

"சந்தியாகு, அன்னைக்குப் படகுத்துறையில, குடிதண்ணியில கழுவுவியான்னு கேக்காம, பஞ்சை நீ எப்படிக் கொண்டாந்தேன்னு மட்டும் நான் கேட்டிருந்தா, நீ என்ன சொல்லியிருப்பே?"